மாதாவுக்கு முக்காடு போட்டவர்

சுவக்கீன் அண்ணாச்சி எதை எழுதினாலும் முதலில் பென்சில் முனையை நாக்கில் ஒரு தொடு தொட்டுக்கொள்வார். ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் மைப் பென்சில் அது, எழுதியது அழியாது. நான் எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவர் நாக்கு ஊதாவாக இருந்தது. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டுப் பெட்டியோடு ஜீப்பிலிருந்து இறங்கியபோதும் அப்படியே இருந்தது. அவர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். அதனால் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை மனிதர் ருசிக்காக நக்குகிறார் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. அவர் அதை மறுத்ததே இல்லை. மறுத்தால், அப்படி ஓயாமல் என்னதான் எழுதுகிறீர்கள் என்ற கேள்வி வரும். அதற்கு வெளியே சொல்லக்கூடிய பதில் அவரிடம் இல்லை.

எங்கள் எஸ்டேட் மூணாறிலிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் டிஸ்பென்சரி சுவக்கீன் அண்ணாச்சியின் ராஜ்ஜியம். புண்ணைக் கழுவுவார், ஊசிக் குழல்களைக் கொதிக்க வைப்பார், டாக்டர் எழுதிய மிக்சரை அளந்து ஊற்றுவார். சம்பளம் அதற்குத்தான். ஆனால் அவர் பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் முப்பத்தொரு சின்னப் புத்தகங்கள். நோயாளிகளுக்கான மன்றாட்டு, தூக்கம் வராதவர்களுக்கான தியானம், கர்ப்பிணிகளுக்கான ஒன்பது நாள் பிரார்த்தனை, துக்கத்தில் இருப்பவர்களுக்கான ஆறுதல் வாசகம் என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. சமவெளிக்குப் போகிற யாரிடமும் அவர் அல்வாவோ முறுக்கோ வாங்கிவரச் சொன்னதில்லை. கோயில் வாசலில் விற்கிற புத்தகத்தில் ஒன்று வாங்கி வா என்பார். மிக்சர் பாட்டிலைக் கையில் கொடுத்த பிறகு ஆளின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு குனிந்து பெட்டியைத் திறப்பார்.

புத்தகத்துக்கும் மருந்தைப் போலவே முறை உண்டு. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பக்கம். வெறும் வயிற்றில் படித்தால் கடவுளிடம் சோறு மட்டும்தான் கேட்கத் தோன்றும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனதுக்குள் படிக்கிறவர்கள் பாதியில் அடுத்த வீட்டைப் பற்றி யோசிக்கப் போய்விடுவார்கள். படித்து முடித்ததும் கடைசி வெற்றுப் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். என்ன வேண்டுமோ அதையும் அங்கேயே எழுத வேண்டும். எழுதிக் கேட்டால்தான், நான் அதைக் கேட்கவில்லையே என்று பிறகு மாற்றிப் பேச முடியாதாம்.

ஆனால் ஊசிக்குப் பயந்து புத்தகம் கேட்டு வந்தவர்களிடம் இரக்கம் காட்ட மாட்டார். சளியோடு ரத்தம் துப்பிய காசநோய்க்காரர் ஒருவர், மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், புத்தகமே போதும் என்று வந்து நின்றார். அண்ணாச்சி பெட்டியை மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் எழுதிய தொண்ணூறு ஊசியையும் போட்டுவிட்டு வா, பெட்டியையே தருகிறேன் என்றார். அந்த ஆள் தொண்ணூறையும் போட்டுக்கொண்டு, நான்கு கிலோ கூடி, வந்து பெட்டியைக் கேட்டார். அண்ணாச்சி மூன்று நாள் டிஸ்பென்சரிக்குப் பின்வாசல் வழியாக வந்து போனார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஐம்பத்தொன்றாம் வருடத்து டைபாய்டில் பிடித்தது. அப்போது கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தார். ஒரு கன்னியாஸ்திரி அவருக்கு ஒரு பிரார்த்தனைப் புத்தகம் கொடுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், அவர் சி.எஸ்.ஐ. சபை. அவரிடமும் ஒரு புத்தகம். பத்தாம் நாள் இருவருக்கும் தங்கள் புத்தகம் மனப்பாடமாகிச் சலித்துவிட்டது. மாற்றிக்கொண்டார்கள். இருவரும் ஒரே வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். யார் புத்தகம் யாரை எழுப்பியது என்று சண்டை போட்டபடியே பஸ் ஏறினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் லயங்களில் கிறிஸ்தவர்கள் இரண்டு பிரிவு. மேட்டில் கத்தோலிக்கர்களின் ஆர்.சி. கோயில், ஓடைக் கரையில் சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. ஆலயம். இரு தரப்பும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மலையில் கொழுந்து கிள்ளினோம். ஆனால் பெண் கொடுப்பதில்லை, புத்தகம் தொடுவதில்லை. புத்தகத்தின் முதல் வரியிலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடும். ஆர்.சி. என்றால் சர்வேசுரன் என்று இருக்கும், எங்கள் சி.எஸ்.ஐ. என்றால் கர்த்தர் என்று இருக்கும். ஆர்.சி.யில் பக்கத்துக்கு நான்கு முறை தேவமாதா வருவார். எங்கள் புத்தகங்களில் அவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வேலை.

அண்ணாச்சி ஆர்.சி. என்றாலும் அவருடைய சிக்கல் வைத்தியருடைய சிக்கல். தூக்கத்துக்கு நல்ல புத்தகம் ஒரு தரப்பில் இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல புத்தகம் மறு தரப்பில் இருக்கிறது. நோயோ பிரிவு பார்த்து வருவதில்லை. எனவே எல்லாப் புத்தகங்களின் அட்டையையும் கிழித்தார். தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டுகிற வெள்ளித்தாளை பாக்டரியிலிருந்து வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உறை போட்டார். உறைமேல் ஆணியால் நம்பர் கீறினார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஆர்.சி. வீட்டுக்குப் போகிற சி.எஸ்.ஐ. புத்தகத்தில் கர்த்தரை அடித்து மேலே சர்வேசுரன் என்று எழுதினார். சி.எஸ்.ஐ. வீட்டுக்குப் போகிற ஆர்.சி. புத்தகத்தில் சர்வேசுரன் போய்க் கர்த்தர் வந்தார், தேவமாதா மேல் ஒரு கோடு விழுந்தது. யாராவது ஊதா எழுத்தைப் பற்றிக் கேட்டால், அச்சுப் பிழை, திருத்தியிருக்கிறேன் என்பார். இருபது வருடம் இப்படி நடந்தது.

எனக்கு இது எழுபத்தாறு ஜூனில் தெரிய வந்தது. இருபத்து மூன்று ஆபீஸ்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். எங்கேயாவது ஒரு கர்த்தரை அடிக்காமல் விட்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பையன் என்பது அவருக்குக் கணக்கில்லை. படித்தவன், பொடி எழுத்து தெரியும், அவ்வளவுதான்.

"இது பொய்யில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பொய்யில்லடே. தமிழ்லருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு."

நான் அப்போது ஜெபிப்பதை நிறுத்தியிருந்தேன். கல்லூரி விடுதியில் எப்போதோ நின்றுபோனது, அம்மாவிடம் சொல்லவில்லை. கேட்கிறவர் இருக்கிறாரா என்று தெரியாமல் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மழைக்காலம் முழுவதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முப்பத்தொரு பிரார்த்தனைப் புத்தகங்களையும் வரி விடாமல் படித்தேன். பக்திக்காக அல்ல, பிழை பார்க்க. வேறு வேலை எதுவும் எனக்குக் கிடைத்திருக்கவில்லை.

அந்த ஜூன் கடைசியில்தான் செபமாலையம்மாள் வந்தார். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். ஒரு காலத்தில் எடை போடும்போது அவர் கூடையைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆர்.சி. கோயிலில் பாட்டுக்கு முதல் குரல் அவருடையது. குழாயடிச் சண்டைக்கும் அதே குரல். இப்போது இரண்டு கையும் நடுங்கின. கிள்ளிய கொழுந்து கூடைக்கு வெளியே விழுந்தது. எடை பாதியாகிவிட்டது. மூணாறில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். நவம்பர் கடைசி வரை பார்ப்போம், அதற்குள் கை நிற்காவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுத வேண்டியிருக்கும் என்றார்.

அதன் அர்த்தம் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். சம்பளப் பதிவேட்டிலிருந்து பெயர் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். புருஷன் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் கத்தரீனாள் எதிர் லயத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் பாக்டரி பிட்டர் பவுல்ராஜைக் கட்டிக்கொண்டவள். பவுல்ராஜ் சி.எஸ்.ஐ. கல்யாணம் நடந்த அன்றைக்கு, அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று செபமாலையம்மாள் குழாயடியில் நின்று சொன்னது மூன்று லயங்களுக்குக் கேட்டது. அதன் பிறகு நான்கு வருடமாக மகளிடம் ஒரு சொல் பேசவில்லை.

கைநடுக்கம் கையில் இல்லை என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பதினொன்றாம் நம்பரை எடுத்தார். அது மன்னிப்பைப் பற்றிய சி.எஸ்.ஐ. புத்தகம், கோபத்தைப் பிடித்துக்கொண்டே ஏன் பிரார்த்திக்க முடியாது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். ஊதா எழுத்தில் அது முழு ஆர்.சி. ஆகியிருந்தது. செபமாலையம்மாள் ஒருநாள் விடாமல் படித்தார். ஒருநாள் விடாமல் கோடு போட்டார். கடைசிப் பக்கத்தில் "கை நிற்க வேண்டும்" என்று மட்டும் எழுதினார். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதைப் போல அந்த அதிகாரங்களை மகள் பக்கமே திரும்பாமல் விழுங்கினார். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது, கை நிற்கவில்லை. டம்ளரில் எதையும் குடிக்க முடியாமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிண்ணத்தில் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

அவர் திங்கட்கிழமைகளில் வருவார். கத்தரீனாள் புதன்கிழமைகளில். அவள் கர்ப்பமாக இருந்தாள், கால் வீங்கியிருந்தது. இருவரும் நேருக்கு நேர் வந்துவிடாதபடி கிழமையைப் பிரித்துக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். மகளுக்கு அவர் கொடுத்தது ஆறாம் நம்பர்: கர்ப்பிணிகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் அச்சடித்த ஒன்பது நாள் பிரார்த்தனை. மாமியார் கண்டிப்பான சி.எஸ்.ஐ. என்பதால் அதில் தேவமாதாவைத் தேடித் தேடி அடித்திருந்தார்.

மழை முடிந்ததும் அக்டோபரில் புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்குவோம். நான்கு மாத ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்கு பாக்டரியில் நீளமான தொட்டிகள் உண்டு. அடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். ஞாயிற்றுக்கிழமை தொட்டி காலியாக இருக்கும்போது பவுல்ராஜ் கதவைத் திறந்துவிடுவார். முப்பத்தொரு புத்தகத்தையும் வலைமேல் விரித்துப்போட்டு ஒரு மணி நேரம் வாட்டி எடுப்போம். வருடம் முழுவதும் அந்தப் பிரார்த்தனைகளில் தேயிலை மணக்கும். ஒரு வருடம் கன்னியாஸ்திரிகளின் நவநாள் புத்தகம் ஒன்று தொட்டியிலேயே தங்கி, திங்கட்கிழமைக் கொழுந்தோடு உருட்டு மெஷின் வரைக்கும் போய்விட்டது. அந்த வாரத்துத் தூள் நன்றாக விலை போனதாக பவுல்ராஜ் சத்தியம் செய்வார்.

அந்த வருடம் புது உறை போடுகிற வேலை எனக்கு வந்தது. ஞாயிறு மதியம் முழுவதும் வெள்ளித்தாளை வெட்டி, மடித்து, ஒட்டி, ஆணியால் நம்பர் கீறினேன். முந்தின நாள்தான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக. அந்த ஒரு வரியை மனதில் ஐம்பது முறை படித்துக்கொண்டே கீறினேன். ஆறாம் நம்பருக்குப் பதினொன்று என்று போட்டேன். பதினொன்றுக்கு ஆறு.

திங்கட்கிழமை செபமாலையம்மாள் தன் பதினொன்றை வாங்கிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை டாக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்காமல் உள்ளே வந்து புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, மாதாவை அடிச்ச கை எது?"

அண்ணாச்சி பக்கத்தைப் பார்த்தார். பிறகு உறைமேல் இருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோட்டயத்துக்காரரான டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, என்ன விஷயம் என்று மலையாளத்தில் கேட்டார். டோஸ் கொஞ்சம் மாறிவிட்டது சார் என்று அவருக்குச் சொல்லிவிட்டு அண்ணாச்சி இந்தப் பக்கம் திரும்பினார்.

"என் கைதான் தங்கச்சி. நம்பரை மாத்திக் குடுத்ததும் நான்தான். ஆனா அடிக்கல."

"இது என்ன, கோடு இல்லாம கோலமா?"

"மருமவன் வீட்டுக்குப் போறதுக்கு மாதா முக்காடு போட்டுக்கிட்டா. உள்ள இருக்கிறது அவதான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, தெரிவா."

செபமாலையம்மாள் நடுங்கும் கையால் பக்கத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஊதாக் கோட்டின் அடியில் அச்செழுத்து முழுதாகத் தெரிந்தது. கோபத்தை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாதவர்போல் பக்கங்களைப் புரட்டினார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நாற்பத்திரண்டு கோடுகள். கீழே மகளின் சாய்ந்த எழுத்து. கால் வீக்கம் வற்ற வேண்டும். பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும். எங்கம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்க வேண்டும். கை நிற்கும்போது அந்த வாயும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அது யார் எழுத்து என்று அவர் கேட்கவில்லை. புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு புயல்போல் வெளியே போனார். அண்ணாச்சி டாக்டரிடம் ஐந்து நிமிடம் அவதி கேட்டார். விடுமுறைக்கு இங்கே அப்படித்தான் சொல்வது. பதிலுக்குக் காத்திராமல் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

செபமாலையம்மாள் பவுல்ராஜ் வீட்டு முற்றத்தில் நின்றார். சபதம் சபதம்தான், படியில் கால் வைக்கவில்லை.

"ஏட்டி கத்தரீனா. என் வாய் நிக்கணுமா ஒனக்கு? ஆண்டவர்ட்ட எழுதியா குடுக்க? அவருக்கு வேற ஜோலி இல்லையா?"

கத்தரீனாள் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலு வருசமா நின்னுதான கெடந்துச்சு. எழுதுனது தப்புதாம்மா. நின்னா நல்லால்ல."

செபமாலையம்மாள் வேறு விஷயத்தில் தொடங்கினார். இத்தனை வீக்கத்தோடு ஆம்பளைச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்றார். ஏழாம் மாதம் என்று ஊரார் சொல்லித்தானே நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றார். கருவாடு தின்கிறாயா, தின்னாதே என்றார். கல்யாணத்துக்குக் கட்டிய புடவை நிறம் சகிக்கவில்லை, அதை அன்றைக்கே சொல்லியிருப்பேன், பேசாமல் போனதால் சொல்லவில்லை என்றார். நான்கு வருடத்துப் பாக்கி. மகளும் விடவில்லை. இரண்டு லயத்து ஆட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. முற்றத்தில் வந்து நிற்கிறவர் விரோதியாக இருந்தாலும் ஒரு டம்ளர் கட்டன் சாயா, பால் இல்லாத டீ, கொடுத்துவிட வேண்டும். பவுல்ராஜின் அம்மா கண்டிப்பான மனுஷி, வழக்கத்திலும் கண்டிப்பு. விளிம்பு வரை ஊற்றிய டம்ளரைக் கொண்டுவந்து சம்பந்தியின் கையில் திணித்தார். செபமாலையம்மாள் திட்டுகிற வேகத்தில் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, அந்தக் கையையே நீட்டி நீட்டி மகளைத் திட்டினார்.

ஒரு துளி சிந்தவில்லை.

முதலில் கவனித்தது கத்தரீனாள். அவள் பேச்சு நின்றது. பிறகு வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாக் கண்ணும் டம்ளர் மேல். அண்ணாச்சி என் தோளை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு, "பாக்காதடே, பாத்தா ஆடிரும்" என்று என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கண் இமைக்காமல் பார்த்தார்.

எல்லாரும் இப்படி மௌனமானது செபமாலையம்மாளுக்கு உறைத்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பார்த்த உடனே அது ஆடியது. பாதிச் சாயா காலில் கொட்டியது. ஆனால் மீதிப் பாதி டம்ளரில் இருந்தது. அதைக் குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். காலி டம்ளரை வைக்க வேறு இடம் இல்லாததால் படியேறி, வாசல் திண்டில் வைத்தார். வைத்த பிறகுதான் தன் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். கத்தரீனாள் அவர் இடுப்பிலிருந்த புத்தகத்தை உருவிக்கொண்டு, வா, உள்ளே வந்து திட்டு என்றாள்.

அன்றிலிருந்து செபமாலையம்மாள் தினமும் வேலை முடிந்து அந்த வீட்டுக்குத் திட்டப் போனார். நவம்பர் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் லேசாக அசைந்தது, விழவில்லை. டாக்டர் மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேலைக்குத் தகுதி என்று எழுதினார். செப்டம்பரில் தான் மாற்றிய மாத்திரை வேலை செய்திருக்கிறது என்றார். இருக்கலாம். செபமாலையம்மாளோ, மாதா முக்காட்டோடு வந்து செய்த வேலை என்றார். பவுல்ராஜின் அம்மா சாயாவின் பக்கம்.

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அன்று ஊசிக் குழல்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சியிடம் நேரடியாகவே கேட்டேன். உண்மையில் எது குணமாக்கியது?

"மாத்திரை ஒடம்புக்கு. அத முழுங்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா மனசு வம்புக்குப் போவும். அதுக்கு ஒரு ஜோலி குடுக்கேன், அவ்வளவுதான் நம்ம பாடு. மிச்சத்தைச் செய்றவர் எங்கயும் கையெழுத்துப் போட மாட்டார்."

"நம்பரை மாத்திப் போட்டது நான். என் தப்பு."

"ஆமா, தப்பு. அவர் அத வீணாக்கல."

அது பதிலா, சமாளிப்பா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, என்னையறியாமல் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் அதைக் கவனித்தேன், நின்றுபோனது.

அண்ணாச்சியைக் காட்டிக்கொடுத்தது செபமாலையம்மாளின் நன்றிதான். டிசம்பர் முதல் ஞாயிறு, மாதத்துக்கு ஒருமுறை மூணாறிலிருந்து வருகிற பங்குச் சாமியார் பூசை வைத்து முடித்ததும், செபமாலையம்மாள் எழுந்து எல்லார் முன்னிலும் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். வெள்ளித்தாள் போட்ட புத்தகத்தையும் மகளிடமிருந்து வாங்கி வந்திருந்தார். சுவக்கீன் அண்ணாச்சியின் புத்தகம் என்று உயர்த்திக் காட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முக்காட்டு விஷயத்தையும் விளக்கினார். சாமியார் புத்தகத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

சாமியார் வயதானவர், நல்ல உயரம். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோபப்படத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன். இரண்டு முறை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். அடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்ல வேண்டும்.

நானும் அண்ணாச்சியும் இரண்டு வாரம் உட்கார்ந்து சொற்களை எண்ணினோம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அண்ணாச்சி கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்த சாமியாரை வழிமறித்துப் பேரம் பேசினார்.

"சாமி, பாதிப் புஸ்தகத்துல கர்த்தரை அடிச்சு நம்ம சர்வேசுரனைப் போட்டிருக்கேன். அந்தப் பாதியைக் கழிச்சுக்கிடக் கூடாதா?"

கழிக்க முடியாது என்றார் சாமியார். இன்னும் பேசினால் அந்தப் பாதி இரட்டிப்பாகும் என்றார்.

எங்கள் சி.எஸ்.ஐ. உபதேசியார் ஆசீர்வாதமும் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். தங்கள் தரப்புப் புத்தகங்கள் பதினைந்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு, கெட்டுப்போனவற்றைக் கொளுத்திவிடுவதாகச் சொல்லிப் போனார். ஜனவரியில் கத்தரீனாளின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தார். அவர் அங்கிப் பையில் வெள்ளித்தாள் மினுங்கியது. அவருக்கு முழங்கால் வலி இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

அண்ணாச்சி கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே செபமாலை சொல்லத் தொடங்கினார். பழைய மிக்சர் பதிவேடு ஒன்றில், சொன்னதற்கு ஒரு கோடு போடுவார். நாளுக்கு ஒன்று, மழை பெய்து ஆள் வராத நாளில் இரண்டு, பிரசவ ஜீப்போடு மூணாறு போன நாளில் ஒன்றும் இல்லை. புத்தகம் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மீதியிருந்த பதினாறையும் உறை இல்லாமல், அடித்தது அடித்தபடியே கொடுத்தார். ஊதா எழுத்தா, அச்செழுத்தா, உங்களுக்கு எது இஷ்டமோ அதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். முன்பைவிட அதிகம் பேர் கேட்டு வந்தார்கள். வட்டவடையிலிருந்து பூண்டு ஏற்றி வரும் ஜீப்பில்கூட ஒருவர் முதுகுவலியோடு வந்து, அந்த முக்காடு போட்ட புத்தகம் எது என்று கேட்டார்.

எழுபத்தொன்பது மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை காலை, ஊசிக் குழல்களை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. தண்ணீர் வற்றிக் குழல்கள் கருகிய வாசனையில்தான் ஆட்கள் உள்ளே போனார்கள். அடக்கத்துக்குச் சாமியாரும் வந்தார், உபதேசியாரும் வந்தார். எந்தச் சொல்லைச் சொல்லி யார் முடிப்பது என்று இருவரும் கல்லறைக் கரையில் கொஞ்சம் தடுமாறினார்கள்.

பதிவேட்டைச் செபமாலையம்மாள் எடுத்து வைத்திருந்தார். நான் இப்போது தேவிகுளத்தில் தற்காலிகக் குமாஸ்தா. போன மாதம் லீவில் எஸ்டேட்டுக்குப் போனபோது அதைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுநூற்று எழுபத்தொன்பது கோடுகள். பாக்கி அறுநூற்று முப்பத்து மூன்று. இறந்தவர் மேல் அந்தத் தண்டனை இனி இல்லை, தள்ளுபடி என்று சாமியார் சொல்லிவிட்டாராம். செபமாலையம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னால் சொன்னதுதான், பாதியில் விட்டுவிட்டு அங்கே போய் மாதா முகத்தில் அண்ணாச்சி எப்படி விழிப்பார் என்றார். ஆளுக்குப் பாதி என்று பிரித்தார். நான் சி.எஸ்.ஐ., எனக்கு அது தெரியாது என்றேன். தெரியாவிட்டால் கற்றுக்கொள் என்று, நடுங்காத விரல்களால் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். நம்பரை மாற்றியது யார் என்று அவருக்கு இன்னமும் தெரியாது.

அவரும் தன் பங்கை இன்னும் தொடங்கவில்லை, பேத்தி விடுவதில்லையாம். என் பங்கு முந்நூற்றுப் பதினாறு. பதிவேடு என் அறையில், ஆபீஸ் காகிதங்களுக்கு மேல் இருக்கிறது. சொற்களைக் கற்றுக்கொண்டுவிட்டேன். இரண்டு முறை உட்கார்ந்தேன், முதல் மணியைக்கூடப் பிடித்தேன். எழுநூற்று எழுபத்தொன்பதாவது கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் எதுவும் விழவில்லை.